சுரங்க நீரை அளக்கும் கருவித் தொகுப்பு குமரிக் கிணறுகளிலும் ஓடைகளிலும்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களைச் சுற்றியுள்ள நீரின் தரத்தையும் ஓட்டத்தையும் கண்காணிப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டு, இப்போது கல்குவாரிகளின் அருகில் வசிப்பவர்களுக்கும் விற்கப்படும் ஒரு கருவித் தொகுப்பை விளவங்கோடு வட்டத்தில் எங்கள் ஊர்க் கிணற்று உரிமையாளர்கள் சிலர் பணம் சேர்த்து வாங்கினோம். விலை எண்பதாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. கோதாவரிப் பள்ளத்தாக்கின் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கமொன்றில் நீர் அளவீட்டுப் பிரிவில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால், இதை இயக்கிப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு தென்மேற்குப் பருவமும் அதைத் தொடர்ந்த வடகிழக்குப் பருவமும் கருவிகளின் மேல் கடந்துவிட்ட நிலையில், இதே போன்ற தொகுப்பை வாங்க எண்ணும் ஊராட்சிகளுக்கும் பாசனக்காரர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன். ஏறக்குறைய இதே உறுப்புகள் பல பெயர்களில் கிடைப்பதால் தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பெட்டிக்குள் நான்கு பொருள்கள் உள்ளன: பி.எச். (அமில, காரத் தன்மை), மின்கடத்துத்திறன் (கரைந்த உப்புக்கேற்ப ஏறும் அளவு), டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள்களின் மொத்தம்), வெப்பநிலை ஆகியவற்றைக் காட்டும் கையடக்க மீட்டர்; 90 பாகை கோணத்தில் வெட்டப்பட்ட துருப்பிடிக்காத எஃகு வி-நாட்ச் தகடு (ஓட்டத்தை அளக்க, V வடிவ வெட்டுள்ளது); கிணற்றிலோ நாட்சின் பின்புறமோ இறக்கி வைக்கும் நீர்மட்டப் பதிவி; மாதிரி எடுக்கும் பாட்டில்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகடு மிக நன்று. மீட்டர், சில நிபந்தனைகளோடு, நன்று. நீர்மட்டப் பதிவியை இப்போது விற்கப்படும் வடிவில் வாங்க வேண்டாம்.

இந்தத் தொகுப்பு எதற்காகப் பிறந்தது என்பது தெரிந்தால்தான் அது இங்கே எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது புரியும். நிலத்தடிச் சுரங்கத்தில் நீரை அளப்பது முதலில் உயிரைக் காக்கும் வேலை. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில், நீர் தேங்கியிருந்த பழைய சுரங்கப் பகுதியிலிருந்து வெள்ளம் உடைத்துக்கொண்டு வந்ததில் 375 பேர் இறந்தார்கள். 2018 டிசம்பரில் மேகாலயாவின் க்சான் பகுதியில் எலிவளைச் சுரங்கம் எனப்படும் குறுகிய சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து, குறைந்தது 15 பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். கைவிடப்பட்ட அல்லது நீர் தேங்கிய சுரங்கப் பகுதியிலிருந்து 60 மீட்டருக்குள் வேலையைக் கொண்டுசெல்ல வேண்டுமென்றால் சுரங்கப் பாதுகாப்புத் துறையின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற விதி இத்தகைய ஆபத்தைத் தடுக்கவே இருக்கிறது. நிலக்கரி எடுக்கப்பட்டு வெறுமையான பகுதியை நாங்கள் கோஃப் என்போம். அங்கே நெடுங்காலம் தேங்கிய நீரின் உப்பும் இரும்பும் புதிதாகக் கசிந்து வரும் மணற்கல் நீரினுடையதிலிருந்து பெரும்பாலும் வேறுபட்டிருக்கும். ஆகவே சுவரில் கசியும் நீரின் மின்கடத்துத்திறன் ஒரே வாரத்தில் ஏறினாலோ, கசிவின் அளவு கூடினாலோ, பழைய நீர் ஏதோ ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று உடனே மேலே தெரிவிப்போம். தரம், அளவு ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் எங்கள் மேலதிகாரி பதிவேட்டில் கையெழுத்திட மாட்டார்.

இரண்டாவது காரணம் வெளியே உள்ள ஊர்கள். நிலக்கரியோடு சேர்ந்திருக்கும் பைரைட் என்னும் இரும்பு சல்பைடு, காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலத்தையும் கரைந்த இரும்பையும் வெளிவிடுகிறது. கோதாவரி, தாமோதர் பள்ளத்தாக்குகளின் நிலக்கரியில் கந்தகம் பொதுவாகக் குறைவு. மேகாலயாவிலும் அசாமிலும் மிக அதிகம். அதனால்தான் ஜெயிந்தியா மலைப்பகுதியின் ஓடைகள் அமிலமேறி மீன்களை இழந்தன. பாறையில் சுண்ணாம்பு போதிய அளவு இருந்தால் அந்த அமிலம் நடுநிலையாகிவிடும். ஆனால் சல்பேட்டும் உப்பும் நீரிலேயே நிற்கும். பி.எச். 7 என்று காட்டும் சுரங்க நீரும் பயிருக்கு ஆகாததாக இருக்கக்கூடும் என்பதை இதனால் மனத்தில் வைக்க வேண்டும். நீரை இறைக்க இறைக்கச் சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டம் தாழ்வது தனிக் கதை. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெய்வேலி தெரியும். அங்கே உள்ளது திறந்தவெளிச் சுரங்கம்தான் என்றாலும், பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் வேலை நடக்கும்.

எங்கள் மாவட்டத்தில் நிலக்கரி இல்லை. சார்னகைட் போன்ற கடும் பாறையும், அதை உடைத்தெடுக்கும் குவாரிகளும் உண்டு. குவாரிக்குழி ஆழமாகும்போது அதில் ஊறும் நீரை இறைத்து ஓடையில் விடுகிறார்கள். அருகிலுள்ள கிணறுகள் வற்றுவதற்கு அதுதான் காரணமா, மழைக் குறைவு காரணமா என்ற வாக்குவாதம் ஊராட்சிக் கூட்டங்களில் ஓய்வதே இல்லை. அமிலப் பிரச்சினை நீங்கலாக, அளவீட்டின் கேள்விகள் சுரங்கத்தில் இருந்தவையே: எவ்வளவு நீர் வெளியேறுகிறது, அது என்ன கொண்டுபோகிறது, கிணற்று மட்டம் எப்போது இறங்கியது. வாக்குவாதத்தை எண்களின் பக்கம் கொண்டுவர வேண்டும் என்பதே நாங்கள் பணம் சேர்த்ததன் நோக்கம்.

தகட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பெட்டியிலுள்ள பொருள்களில் விலை குறைந்ததும், பேட்டரி வேண்டாததும், பெரும்பாலோர் எடுத்துப் பார்க்காமல் ஓரமாக வைத்துவிடுவதும் அதுதான். ஓடைக்குக் குறுக்கே தகட்டை நிமிர்த்தி நிறுத்தி, ஓரங்களிலும் அடியிலும் களிமண்ணால் அடைத்துவிட்டால், வரும் நீர் முழுவதும் முக்கோண வெட்டின் வழியாக விழும். வெட்டின் முனையிலிருந்து நீர்ப்பரப்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை, தகட்டை ஒட்டி அளக்காமல், அந்த உயரத்தைப் போல் நான்கு மடங்கு தூரமாவது மேல்பக்கம் தள்ளி அளக்க வேண்டும். தகட்டை நெருங்கும்போது நீர்ப்பரப்பு சரிந்துவிடுவதே காரணம். உயரத்தை மீட்டரில் எழுதி, அதன் இரண்டரை அடுக்கை (2.5 என்ற அடுக்குக்குறிக்கு உயர்த்திய மதிப்பை) 1.38 ஆல் பெருக்கினால், விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது கிடைக்கும். 5 செ.மீ. உயரம் நின்றால் விநாடிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர், 20 செ.மீ. என்றால் 24.7 லிட்டர். உயரம் இரு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேலாகிறது என்பதால், கோடையின் சிறு கசிவையும் மழைநாளின் பாய்ச்சலையும் ஒரே தகடு அளந்துவிடுகிறது. எங்களுக்கு வந்த தகட்டின் வெட்டு விளிம்பு கூர்மையாக, பிசிறில்லாமல் இருந்தது. கோணத்தை மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்ததில் குறை எதுவும் தெரியவில்லை. சுரங்கத்தில் நாங்கள் பட்டறையில் வெட்டிக்கொண்ட தகடுகளைவிட இது மேலானது.

ஒரு வரம்பு உண்டு. நாட்சுக்குக் கீழே நீர் தடையின்றி விழ வேண்டும். குவாரிச் சரிவுகளிலும் ரப்பர் தோட்டத்து ஓடைகளிலும் அந்த இறக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. பட்டணங்கால், தோவாளை போன்ற பாசனச் சானல்களில் சரிவு மிகக் குறைவு என்பதால், கீழ்ப்பக்க நீர் ஏறி நாட்சை மூழ்கடித்துவிடும். அரசின் சானலில் குறுக்கே எதையும் வைக்க நமக்கு உரிமையும் இல்லை. அங்கே பழைய மிதவை முறையே போதும்: அளந்து வைத்த தூரத்தை மிதவை கடக்கும் வேகத்தை 0.85 ஆல் பெருக்கி, நீரின் குறுக்குவெட்டுப் பரப்பால் மீண்டும் பெருக்கினால், திட்டமிடுவதற்குப் போதுமான மதிப்பு கிடைக்கும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது குறைதான்.

ஓட்டத்தை அளக்காமல் தரத்தை மட்டும் அளப்பவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கைக் காட்டுகிறேன். கோடையில் ஓர் ஓடையில் விநாடிக்கு 4.4 லிட்டர் ஓடுகிறது, அதில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அந்த ஓடை ஏறக்குறைய 152 கிலோ சல்பேட்டைச் சுமந்து செல்கிறது. மழைக்காலத்தில் ஓட்டம் 24.7 லிட்டராகி, செறிவு 100 மில்லிகிராமாகக் குறைந்தால், ஆய்வக அறிக்கையைப் பார்ப்பவர் நீர் நான்கு மடங்கு சுத்தமாகிவிட்டது என்று மகிழ்வார். ஆனால் அன்றைக்கு ஓடை சுமந்து செல்வது 213 கிலோ. கீழே உள்ள குளத்தில் போய்ச் சேருவது இந்தச் சுமைதான். சுரங்கமோ குவாரியோ தரும் அறிக்கையில் செறிவு மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், அன்றைய ஓட்டம் எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் ஒவ்வொரு ஊராட்சிக்கும் வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

மீட்டருக்கு வருகிறேன். மின்கடத்துத்திறன் பகுதி உறுதியாக வேலை செய்கிறது. கடத்துத்திறன் 1413 மைக்ரோசீமன்ஸ் (அதன் அலகு) என்று முன்பே தெரிந்த தரக் கரைசலில் வைத்தபோதெல்லாம் மிகச் சிறிய வேறுபாட்டுக்குள் காட்டியது. வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் கடத்துத்திறன் சுமார் 2 சதவீதம் ஏறும் என்பதால், அதை 25 பாகைக்குத் திருத்திக் காட்டும் வசதி இருப்பதும் நல்லது. டி.டி.எஸ். எண்ணை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. மீட்டர் அதைத் தனியாக அளப்பதில்லை. கடத்துத்திறனை ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது. ஆலையிலிருந்து வரும்போது அந்தக் காரணி 0.5 என்று வைக்கப்பட்டிருக்கிறது. இயற்கை நீருக்கு அது 0.7 வரை போகலாம்; சல்பேட் மிகுந்த சுரங்க நீருக்கு இன்னும் மேலே போகலாம். 1000 மைக்ரோசீமன்ஸ் உள்ள ஒரே நீர், ஓர் அமைப்பில் 500 என்றும் மற்றோர் அமைப்பில் 700 என்றும் தெரியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 500 மில்லிகிராம் என்பதால், பெருக்கும் காரணியை மாற்றியே நீரைத் தேறவும் தவறவும் வைத்துவிடலாம். எங்கள் பதிவேட்டில் டி.டி.எஸ். என்ற பத்தியையே எடுத்துவிட்டு, கடத்துத்திறனை மட்டும் எழுதுகிறோம். வீடுவீடாக வந்து டி.டி.எஸ். பேனாவை டம்ளரில் முக்கிக் காட்டி வடிகட்டி விற்பவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

பி.எச். பகுதியில் எனக்கு இரண்டு மனக்குறைகள். சுரங்க நீருக்கான தொகுப்பு என்று விற்கிறார்கள். ஆனால் அளவுதிருத்தத்துக்கு பி.எச். 7, 10 உள்ள கரைசல்களை மட்டும் தந்திருக்கிறார்கள். அமில நீரை அளக்க 4.01 கரைசல் இன்றியமையாதது. அதைத் தனியே வாங்கிய பிறகுதான் கருவியை நம்பி இறக்கினேன். அடுத்தது, எங்கள் ஊர் நீரின் தன்மையைப் பொறுத்தது. மேற்குக் குமரியில் வெட்டுக்கல் மண்ணில் தோண்டப்பட்ட கிணறுகளில் உப்பு மிகக் குறைவு; நீர் இயல்பாகவே சற்று அமிலச் சாய்வோடு இருக்கும். உப்பு குறைந்த நீரில் பி.எச். மின்முனை நிலைகொள்ள நெடுநேரம் எடுக்கும். சுரங்க நீரில் சட்டென்று நின்றுவிடும் எண், எங்கள் கிணற்றில் பல நிமிடங்கள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பொறுமையில்லாதவர் முதலில் தோன்றும் எண்ணை எழுதிக்கொண்டு போய்விடுவார். மேலும், அப்படிப்பட்ட கிணற்றில் 6 க்குக் கீழே காட்டினால் அதை உடனே குவாரியின் மேல் சுமத்துவதும் நியாயமாகாது. குவாரியிலிருந்து வெகுதூரத்தில், மேட்டுப்பகுதியில் உள்ள ஒரு கிணற்றையும் சேர்த்து அளந்து ஒப்பிடுவதுதான் முறை. பி.எச்.சைக் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். பாட்டிலில் எடுத்துப் போனால் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறி எண் உயர்ந்துவிடும்.

மீட்டரின் உச்ச வரம்பு 20,000 மைக்ரோசீமன்ஸ். கடல்நீர் சுமார் 50,000 இருக்கும் என்பதால், மணக்குடிக் காயல் போன்ற கழிமுகங்களுக்கு இது பொருந்தாது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பார்க்க நன்றாகவே பொருந்துகிறது. மணவாளக்குறிச்சிப் பக்கத்து நண்பர்கள், கதிரியக்கக் கனிம மணலைப் பற்றி இதில் ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது, அதற்கான கருவிகள் முற்றிலும் வேறு. கழிவுநீர்க் கிருமிகளையும் இது காட்டாது. நூறு மில்லிலிட்டரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது குடிநீர்த் தரம். அதைச் சோதிக்கத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை நாடுவதே வழி. சல்பேட்டுக்கும் இரும்புக்கும்கூட ஆய்வகம்தான்.

நீர்மட்டப் பதிவிதான் இந்தத் தொகுப்பின் விலையில் பாதிக்கு மேல் விழுங்குகிறது. அதன் உணரி நீரின் அழுத்தத்தோடு, மேலே உள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் நீர்மட்டம் ஒரு செ.மீ. உயர்ந்ததாகக் காட்டும். நம்முடைய அட்சரேகையில் காற்றழுத்தம் தினமும் காலை 10 மணியை ஒட்டி ஏறி, மாலை 4 மணியை ஒட்டி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் ஓரிரு மில்லிபாருக்குக் குறையாது. யாரும் மோட்டார் போடாத கிணற்றில்கூட, காலையில் நீர் ஊறி மாலையில் வடிவது போன்ற ஒரு வரைபடம் வந்து விழுந்தது. கிணற்றில் இரண்டு செ.மீ. பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். நாட்சின் பின்னால் அதைப் பொறுக்க முடியாது: உண்மையில் 10 செ.மீ. நிற்கும் இடத்தில் 12 என்று காட்டினால் 4.4 லிட்டர் 6.9 லிட்டராகிவிடும், 8 என்று காட்டினால் 2.5 லிட்டராகிவிடும். இதைத் திருத்த, காற்றில் தொங்கவிடும் இரண்டாவது பதிவி வேண்டும். சுரங்கங்களில் அது இல்லாமல் யாரும் பதிவி வைப்பதில்லை. இங்கே அதைத் தனி விலைக்கு விற்கிறார்கள். அப்படி ஒன்று தேவை என்பதை வாங்கும்போது சொல்லவும் இல்லை. விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டபோது, இரண்டாவது பதிவிக்கான விலைப்பட்டியல் மட்டும் பதிலாக வந்தது.

பதிவியின் தேவையை நான் மறுக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களின் சுற்றுச்சூழல் அனுமதியில், சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டத்தையும் தரத்தையும் மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி என ஆண்டுக்கு நான்கு முறை அளக்கும் வழக்கம் உண்டு. ஒரே பருவமழையை நம்பியிருக்கும் நிலங்களுக்கு அந்த நாள்காட்டி பொருந்தும். இரண்டு பருவங்களிலும் மழை பெறும் குமரியில், நான்கு எண்களுக்கு இடையே கிணறு பலமுறை ஏறி இறங்கிவிடுகிறது. அதனால் தொடர்ச்சியான பதிவு இங்கே கூடுதல் பயனுடையது. இரண்டாவது பதிவியைச் சேர்த்துத் தரும்வரை, திறந்த கிணறுகளில் நுனியில் எடை கட்டிய எஃகு நாடாவால் வாரம் ஒருமுறை, மோட்டார் போடும் முன் விடியற்காலையில் அளந்து எழுதுவது செலவற்றது, நம்பகமானதும்கூட. குவாரி இறைக்கும் நாள்களையும் அதே ஏட்டில் குறித்து வைத்தால், கூட்டத்தில் எடுத்துக்காட்ட அது போதும்.

பாட்டில்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நன்றாக மூடுகின்றன. இரும்பு முதலிய உலோகங்களைச் சோதிக்க மாதிரியை நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும் என்பதால், அந்தப் பாட்டிலை மட்டும் ஆய்வகத்திலிருந்தே வாங்கிக்கொள்வது நல்லது. கையேடு ஆங்கிலத்தில் மட்டும் உள்ளது. தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்கு விற்க விரும்பும் நிறுவனம் பத்துப் பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றைத் தயாரிக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடற்காற்றில் மீட்டரின் பேட்டரி முனைகளில் பச்சை பூக்கிறது. ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் உலர்த்தித் துடைத்து வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, விற்பனையாளர் உறுப்புகளைப் பிரித்துத் தர ஒத்துக்கொண்டால், தகட்டையும் மீட்டரையும் 4.01 கரைசலையும் மட்டும் வாங்குங்கள் என்பேன். எங்கள் செலவில் பாதிக்கும் குறைவாகவே முடியும். பிரித்துத் தர மறுத்தால், நாகர்கோவிலில் ஒரு நல்ல லேத் பட்டறையில் மூன்று மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டி, கீழ்ப்பக்கம் விளிம்பைச் சரித்துக் கூர்மையாக்கித் தரச் சொல்லலாம். மீட்டரைத் தனியே வேறிடத்தில் வாங்கலாம். பி.எச். மின்முனையை வாங்கும்போது அது தயாரிக்கப்பட்ட மாதத்தைக் கட்டாயம் பார்க்கவும். கடை அலமாரியில் சும்மா இருந்தாலும் அதற்கு வயதாகும். ஓரிரு ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். மூடிக்குள் எப்போதும் பொட்டாசியம் குளோரைடு கரைசல் இருக்க வேண்டும். வாலைவடி நீரில் ஊறவைத்தால் மின்முனை விரைவில் கெட்டுப்போகும். மாற்று மின்முனை எவ்வளவு விலை, எத்தனை நாளில் வந்து சேரும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.